வானம் வெளுக்கிறது, தரை இருள்கிறது: நிலக்காட்சிப் படங்களில் இரண்டையும் எப்படிச் சமன் செய்வது?

மலையோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஏரிக்கரையில் சூரியன் மறையும் நேரத்தில் எடுத்த ஒரு படத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இதில் எழும் சிக்கல் நிலக்காட்சி எடுக்கும் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படத்தின் மேல்பாதி முழுவதும் வானம். நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு மலைமுகடு, அதன் கீழே ஏரி, காலடியில் ஈரப் பாறைகள். மேகங்களின் நிறம் வெளுத்துவிடக் கூடாது என்பதற்காக வானத்தை அளந்து எக்ஸ்போஷர் (சென்சாரில் விழவிடும் ஒளியின் அளவு) வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அமைப்பு) 100-இல் 14 பிட் ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப்பதிவாக) எடுத்தேன். மேகங்கள் நான் விரும்பியபடியே பதிவாகியுள்ளன, பாறைகளோ ஏறக்குறையக் கறுப்பாக இருக்கின்றன.

லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளில் ஹைலைட்ஸ் (வெளிச்சப் பகுதி) ஸ்லைடரை முழுக்கக் குறைத்து, ஷேடோஸ் (நிழல் பகுதி) ஸ்லைடரை முழுக்கக் கூட்டியபோது பாறைகள் வெளிவந்தன. ஆனால் அவற்றில் நீலம் பாய்ந்து, மணல் தூவியதுபோல் நாய்ஸ் தெரிகிறது. மலைமுகட்டின் மரங்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, வானமும் தரையும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருப்பதால் அந்த மாலைப்பொழுதே படத்திலிருந்து போய்விட்டது. இது எடுக்கும்போதே தீர்க்க வேண்டிய சிக்கலா, திருத்தும்போது தீர்க்கக் கூடியதா? நிழலை எந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்?

---

நிழற்கோடு

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் பலவும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிவு செய்கிறது. 14 பிட் கோப்பில் 16,384 நிலைகள் உண்டு. அவற்றில் சரிபாதி, அதாவது 8,192 நிலைகள், மிக வெளிச்சமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் (ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும் ஒரு படிக்கு) போய்விடுகின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய், மேலிருந்து எட்டாவது ஸ்டாப்புக்கு 64 நிலைகளே மிஞ்சுகின்றன. உங்கள் பாறைகள் அந்தப் பகுதியில்தான் கிடக்கின்றன. இருந்தும், நிலைகள் குறைவது இரண்டாம் பட்சம்தான். அங்கே போய்ச் சேர்ந்த ஒளியே குறைவு என்பதுதான் முதல் காரணம். ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் பாதியாகிறது. இது ஒளியின் இயல்பிலேயே உள்ளது, எந்தக் கேமராவாலும் இதை மாற்ற முடியாது. ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த நிழலை 3 ஸ்டாப் உயர்த்தினால், இன்றைய பெரும்பாலான சென்சார்களில் அது ஐஎஸ்ஓ 800-இல் எடுத்ததற்கு ஏறத்தாழ ஒப்பான நாய்ஸைக் காட்டும்.

ஆகவே வானத்தைக் காப்பாற்றுவது சரிதான், ஆனால் தேவைக்கு மேல் காப்பாற்ற வேண்டியதில்லை. கேமராவின் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) ரா கோப்பிலிருந்து வருவதில்லை. கேமரா தனக்குள் உருவாக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. அதனால் அது வலது சுவரைத் தொட்டுவிட்டதாகக் காட்டும்போதும் ரா கோப்பில் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடம் எவ்வளவு என்பதை உங்கள் கேமராவில் ஒரு முறை சோதித்து அறிந்து வைத்துக்கொண்டால், முன்புலத்துக்கு அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூடுதல் ஒளி கிடைத்துவிடும். சூரியவட்டம் வெளுத்துப்போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கண்ணுக்கும் அங்கே விவரம் எதுவும் தெரிவதில்லை. அந்திவானத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புச் சேனல் (சிவப்பு ஒளியின் பதிவு) என்பதால் அதைத் தனியாகப் பார்ப்பது நல்லது. அது மட்டும் வெட்டுப்பட்டுவிட்டால், பிறகு ஹைலைட்ஸைக் குறைக்கும்போது செம்மஞ்சள் மேகத்தின் நடுவே தட்டையான மஞ்சள் திட்டு ஒன்று உருவாகிவிடும்.

---

இருட்டறை

நான் இன்றும் வில்லைக்கு முன்னால் படிநிலை என்டி ஃபில்டரைப் (மேல்பாதி இருண்டும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள தகட்டைப்) பொருத்தி எடுப்பவன், எனவே அந்தப் பக்கத்தின் வாதத்தையும் வைக்கிறேன்.

இந்தச் சிக்கல் புகைப்படக்கலை அளவுக்கே பழையது. 1850-களில் பயன்பட்ட ஈரக் கொலோடியன் தகடுகள் (ஒளியுணர் பூச்சுள்ள கண்ணாடிகள்) நீல ஒளிக்கு மிகுதியாக வினைபுரிந்ததால், கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியே எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே பிரதியாக அச்சிட்டார். அவருடைய வெவ்வேறு கடற்படங்களில் ஒரே மேகங்கள் மீண்டும் வருவதை இன்றும் காணலாம். அதன்பின் வந்தவர்கள் இருட்டறையில் அட்டையாலும் கையாலும் ஒளியை மறைத்தும் கூடுதலாகக் காட்டியும் இதே வேலையைச் செய்தார்கள். திருத்துவது ஏமாற்று என்று சொல்வோருக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ஃபில்டரின் நன்மை எளிது: வானத்தின் ஒளி சென்சாரை அடையும் முன்பே குறைந்துவிடுவதால் முன்புலத்துக்கு உண்மையான ஒளி கிடைக்கிறது, நாய்ஸ் எழ இடமே இல்லை. 0.3 என்று குறித்த ஃபில்டர் 1 ஸ்டாப்பும், 0.6 இரண்டு ஸ்டாப்பும், 0.9 மூன்று ஸ்டாப்பும் குறைக்கும். கடல், சமவெளி போன்ற நேர்க்கோட்டுத் தொடுவானத்துக்கு இதற்கு நிகர் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் மலையோரம் அவர்களின் படத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபில்டரின் கோடு நேரானது, முகடோ நேரானது இல்லை. வானத்தோடு சேர்ந்து மலையின் உச்சியும் மரங்களும் இருண்டுவிடும், அதைப் பின்னர் சரிசெய்வது இப்போதுள்ள வேலையைவிடக் கடினம்.

---

அந்திவெளி

இத்தகைய காட்சிக்கு நான் செய்வது பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுப்பது) தான். ட்ரைபாட் மீது கேமராவை வைத்து, அப்பெர்ச்சரையும் (வில்லைத் துளையின் அளவையும்) ஃபோகஸையும் பூட்டிவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள். வானத்தை இருண்ட படத்திலிருந்தும் பாறைகளை வெளிச்சமான படத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். லைட்ரூமின் எச்டிஆர் இணைப்பு இவற்றைச் சேர்த்து, திருத்த நிறைய இடமுள்ள ஒரே டிஎன்ஜி (ரா வகைக்) கோப்பாகத் தந்துவிடுகிறது. எச்டிஆர் என்றதும் நினைவுக்கு வரும் அந்தப் பளபளப்பான, கோடு கோடாகத் தெரியும் படங்களுக்குக் காரணம் படங்களை இணைப்பது இல்லை. இணைத்தபின் செய்யும் டோன் மேப்பிங்கை (வெளிச்ச வேறுபாடுகளைச் சுருக்குவதை) அளவுமீறிச் செய்வதே காரணம்.

கட்டணமின்றிச் செய்ய விரும்புவோருக்கு என்ஃப்யூஸ் இருக்கிறது. மெர்ட்டன்ஸ், காவுட்ஸ், வான் ரீத் ஆகிய மூவர் 2007-இல் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃப்யூஷன் முறையைப் பின்பற்றும் மென்பொருள் இது. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படத்தில் கான்ட்ராஸ்ட்டும் நிறச்செறிவும் நன்றாக உள்ளன, எது நடுத்தர வெளிச்சத்தில் உள்ளது என்று எடைபோட்டுக் கலப்பதால் முடிவு பெரும்பாலும் இயல்பாகவே அமைகிறது.

---

நிழற்கோடு

அந்திவெளி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். காற்றடிக்கும்போது முகட்டு மரங்களின் கிளைகள் மூன்று படங்களிலும் மூன்று இடங்களில் இருக்கும். இணைப்பு நடக்கும் இடமும் அதே முகடுதான். கோஸ்ட் (அசைந்தவற்றின் இரட்டை உரு) நீக்கும் வசதி ஒரு படத்தைத் தேர்ந்து மற்றதைத் தள்ளிவிடுவதால், அந்த இடத்தில் மட்டும் நாய்ஸ் வேறுபட்டு ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்துவிடுகிறது. முழுச்சட்ட சென்சார்கள் அடிப்படை ஐஎஸ்ஓவில் ஏறத்தாழ 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும் காலத்தில், சூரியன் சட்டத்துக்குள் இல்லாத பெரும்பாலான காட்சிகளுக்கு நன்கு எக்ஸ்போஸ் செய்த ஒரே ரா கோப்பு போதும். பிராக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் மட்டும் பயன்படுத்துங்கள்.

---

கல்லும் நீரும்

இழையில் இதுவரை எவரும் தொடாதது அந்த வெள்ளைக் கோடு. திருத்தம் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு மரத்தின் மேல் விழுகிறதா, வானத்தின் மேல் விழுகிறதா என்று கவனியுங்கள். வானத்தின் பக்கம், மரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல மெல்ல மங்கும் அகலமான ஒளிப்பட்டையாக இருந்தால், அது ஸ்லைடர்களின் வேலை. ஹைலைட்ஸ், ஷேடோஸ், கிளாரிட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்ப்பதில்லை; அதைச் சுற்றியுள்ள பகுதி இருண்டதா வெளிச்சமானதா என்று பார்த்தே எவ்வளவு மாற்றுவது என்று முடிவு செய்கின்றன. கரிய மரத்தை ஒட்டியுள்ள வானத்தின் பகுதிக்கு அந்தக் கணக்கு தடுமாறி, அது முழுதாக இருண்டு போகாமல் நின்றுவிடுகிறது. ஸ்லைடரை எல்லை வரை தள்ளும்போதுதான் இது கண்ணை உறுத்தும். கோடு மிக மெல்லியதாக, ஒன்றிரண்டு பிக்சல் அளவில், கூர்மையாக இருந்தால், அது மாஸ்க்கின் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தப் போடும் தேர்வின்) விளிம்பு மரத்தின் விளிம்போடு பொருந்தாததால் வருவது. சந்தேகம் இருந்தால் மாஸ்க்கை அணைத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் மாஸ்க், மறையாவிட்டால் ஸ்லைடர். நீங்கள் மாஸ்க் எதையும் பயன்படுத்தியதாக எழுதவில்லை, ஆகவே உங்களுடையது ஸ்லைடர் கோடாகவே இருக்க வேண்டும்.

நான் பின்பற்றும் வரிசை இது. ஹைலைட்ஸையும் ஷேடோஸையும் தொடாமல், முதலில் மொத்த எக்ஸ்போஷரை முன்புலம் ஓரளவு தெரியும் வரை, ஒரு ஸ்டாப் அல்லது ஒன்றரை ஸ்டாப், உயர்த்துகிறேன். வானம் அப்போது வெளுத்துத் தெரியும். தகவல் கோப்பில் பத்திரமாக இருப்பதால் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிறகு வானத்தின் மேல் ஒரு நீண்ட லீனியர் கிரேடியன்ட்டை (படிப்படியாக மங்கும் மாஸ்க்கை) இழுத்து, அதன் எக்ஸ்போஷரைக் குறைக்கிறேன். கிரேடியன்ட் முகட்டிலேயே சட்டென்று முடியக் கூடாது. அது சட்டத்தின் மேல்விளிம்பில் முழு வலுவோடு தொடங்கி முகட்டைத் தாண்டிச் சற்றுக் கீழே வரை மங்கிக்கொண்டே வர வேண்டும். இயற்கையில் வானம் தொடுவானத்தருகே வெளிச்சமாகவும் தலைக்கு மேலே இருண்டும் இருப்பதால், இந்தப் படிப்படியான குறைவு கண்ணுக்கு வேற்றாகத் தெரிவதில்லை. அடுத்து, அதே மாஸ்க்கை லூமினன்ஸ் ரேஞ்சோடு (வெளிச்ச அளவை வைத்துத் தேர்வு செய்யும் வசதியோடு) வெட்டிக்கொள்கிறேன். வெளிச்சமான பகுதிகளை மட்டும் தக்கவைத்தால் மரங்களும் மலையும் தாமாகவே வெளியேறிவிடும். அந்த ரேஞ்சின் இருண்ட பக்க எல்லையைத் திடீரென்று வெட்டாமல் தாராளமாக மங்கவிடுவது முக்கியம், விளிம்புக் கோடு வராமல் காப்பது அதுதான்.

2021-இல் லைட்ரூமுக்கு வந்த வானத்தைத் தேர்ந்தெடுக்கும் தானியங்கி மாஸ்க் வேகமானது, வெறும் மலைக்கும் கட்டடத்துக்கும் மிக நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இலைகளுக்கிடையே தெரியும் சிறு சிறு வானத் துண்டுகளை அது பல நேரம் விட்டுவிடுகிறது. வெளி வானம் இருண்டபின் அந்தத் துண்டுகள் மட்டும் மரத்துக்குள் விளக்கு ஏற்றியதுபோல் ஒளிர்வதைப் பலருடைய படங்களில் பார்க்கிறேன். லூமினன்ஸ் முறை அந்தத் துண்டுகளையும் பிடித்துவிடும். முகட்டில் மரம் இருந்தால் அதற்கே என் ஓட்டு.

ஷேடோஸ் ஸ்லைடரை இவையெல்லாம் முடிந்தபின், அதுவும் பாறைகளுக்கென்று போட்ட மாஸ்க்குக்குள் மட்டும், கொஞ்சமாகத் தொடுங்கள்.

---

மலையோரம்

மிகவும் நன்றி. நீங்கள் சொன்னபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு வானத்தின் பக்கம்தான், அகலமாக மங்கிச் செல்கிறது. புதிய வரிசைப்படி முதலிலிருந்து செய்ததில் அது முற்றிலும் போய்விட்டது, பாறைகளின் நாய்ஸும் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் படத்தில் ஏதோ ஒன்று பொய்யாகத் தெரிகிறது. வானம் நன்றாக இருக்கிறது, பாறைகள் நன்றாக இருக்கின்றன, இரண்டும் ஒரே படத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றவில்லை. ஏரி தேவைக்கு மேல் மினுங்குகிறதோ என்று சந்தேகிக்கிறேன்.

---

கல்லும் நீரும்

உங்கள் சந்தேகம் சரி. வானத்தை இருளாக்கிவிட்டு அதன் பிரதிபலிப்பை அப்படியே விட்டால், நீர் வானத்தைவிட வெளிச்சமாகிவிடுகிறது. இயற்கையில் அது நடக்காது. நீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. நேர் கீழே குனிந்து பார்த்தால் 2 சதவீதம் மட்டுமே திரும்பும். பார்வைக்கோடு நீர்ப்பரப்புக்கு 10 பாகை அளவில் சாய்ந்திருந்தால் ஏறத்தாழ 35 சதவீதம், அதாவது வானத்தைவிட ஒன்றரை ஸ்டாப் இருட்டு. இன்னும் தாழ்ந்த கோணத்தில், எதிர்க்கரையை ஒட்டி, வேறுபாடு ஒரு ஸ்டாப்புக்கும் குறைவாகிவிடும். உங்கள் காலடியில் நீர் இருண்டு அடிக்கற்கள் தெரிவதும், தொலைவில் கண்ணாடிபோல் வானம் தெரிவதும் இதனால்தான்.

இதைப் படத்தில் கொண்டுவருவது எளிது. வானத்துக்கு எவ்வளவு குறைத்தீர்களோ ஏறத்தாழ அவ்வளவையே, கீழிருந்து மேலாக இழுத்த இன்னொரு கிரேடியன்ட்டில் நீருக்கும் குறையுங்கள். பாறைகளை அதிலிருந்து கழித்துவிடுங்கள். பிறகு ஒரு மேகத்தையும் அதன் நேர் பிரதிபலிப்பையும் எடுத்துக்கொண்டு, இரண்டின் மேலும் கர்சரை வைத்து ஹிஸ்டோகிராமுக்குக் கீழே தெரியும் எண்களை ஒப்பிடுங்கள். பிரதிபலிப்பின் எண் எப்போதும் சிறியதாகவே இருக்க வேண்டும்.

நிழலை எவ்வளவு உயர்த்துவது என்ற உங்கள் முதல் கேள்விக்கும் இதே வழியில்தான் விடை. காட்சியில் எது எதைவிட வெளிச்சமாக இருந்ததோ அந்த வரிசை திருத்தியபின்பும் மாறாமல் இருக்க வேண்டும். இடைவெளிகளை எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கலாம், வரிசையை மட்டும் புரட்டக் கூடாது. உங்கள் காட்சியில் முதலில் சூரியனுக்கு அருகிலுள்ள மேகம், அடுத்து மற்ற வானம், அடுத்து நீர், அதன்பின் ஈரம் மின்னும் பாறையின் மேற்பரப்பு, கடைசியில் பாறை இடுக்கு. பாறையின் சராசரி வெளிச்சம் வானத்தின் இருண்ட மூலையை எட்டிப்பிடிக்கும்போது நிறுத்திவிடுங்கள். பாறை இடுக்குகளில் உண்மையான கறுப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கட்டும். எங்குமே கறுப்பு இல்லாத படத்தில் வெளிச்சமும் வெளிச்சமாகத் தெரிவதில்லை.

அந்த நீலத்தைப் பற்றியும் ஒரு சொல். பாறைகளுக்கு நேர்வெயில் படவில்லை, தலைக்கு மேலுள்ள நீல வானம்தான் அவற்றுக்கு ஒளி தருகிறது. ஆகவே நீலம் உண்மையானதே. கறுப்பாக இருந்தவரை மறைந்திருந்த அது, உயர்த்தியதும் வெளியே வந்துவிட்டது. பாறை மாஸ்க்கில் வெண்சமநிலையை மஞ்சள் பக்கம் சற்று நகர்த்தி, நிறச்செறிவைக் குறையுங்கள். முழுவதுமாக நீக்கினால் பாறைகள் நண்பகலில் எடுத்தவைபோல் ஆகிவிடும், ஆகவே பாதியோடு நின்றுவிடுவது நல்லது.

---

கரும்புலம்

எல்லோரும் பாறைகளை வெளிக்கொண்டு வருவது பற்றியே பேசுகிறீர்கள். அவை வெளிவந்தாக வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முன்புலத்தில் பார்ப்பவரை நிறுத்திவைக்கும் உருவமோ வரியோ இல்லையென்றால், அதை நிழலுருவாகவே விட்டு, சட்டத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவது மேல். பாறைகளின் வடிவம் கண்ணை ஏரிக்குள் இட்டுச் செல்கிறதா, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே உழைப்பைச் செலவிட வேண்டும்.

---

அந்திவெளி

கரும்புலம் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஈரப் பாறையில் செவ்வானத்தின் சாயல் படிந்திருந்தால் அதை இழக்க எனக்கு மனம் வராது. அந்தச் சாயல் இருந்தால் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் நிழலுரு என்பதே என் அளவுகோல்.

டார்க்டேபிள் என்ற திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: அதிலுள்ள டோன் ஈக்வலைசர் இந்த வேலைக்கென்றே அமைந்தது. வெளிச்சத்தை −8 முதல் 0 இவி (ஸ்டாப் அளவு) வரை ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே ஏற்றவோ இறக்கவோ விடுகிறது. விளிம்புகளைக் காக்கும் மாஸ்க் ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்வதால், பாறையின் சொரசொரப்பு தட்டையாகாமல் நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டாப்புகளுக்கிடையே வளைவை மிகச் செங்குத்தாக இறக்கிவிடக் கூடாது, அப்படிச் செய்தால் மேலே சொன்ன வரிசை புரண்டுவிடும்.

---

மலையோரம்

நீரைக் குறைத்ததும் படம் ஒன்றுசேர்ந்துவிட்டது. எண்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, முன்பு எதிர்க்கரைக்கு அருகில் நீர் வானத்தைவிட வெளிச்சமாக இருந்தது தெளிவாகத் தெரிந்தது. பாறைகளின் ஈரத்தில் செம்மை இருக்கிறது, ஆகவே அவற்றை வைத்துக்கொள்கிறேன், ஆனால் முன்பு உயர்த்தியதில் பாதி அளவே. கடைசியாக ஒன்று: இதை அச்சிட எண்ணுகிறேன். சோதனைக்காக எடுத்த சிறிய அச்சில், திரையில் தெளிவாக இருந்த பாறைகள் மீண்டும் இருளில் மூழ்கிவிட்டன.

---

இருட்டறை

அது அநேகமாக உங்கள் திரையின் வெளிச்சத்தால் வருவது. புதிதாக வாங்கிய திரைகள் பெரும்பாலும் மிக அதிக வெளிச்சத்தில் அமைக்கப்பட்டிருக்கும். அச்சுக்காகத் திருத்துவோர் அதைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவில் வைத்துக்கொள்வது வழக்கம். திரையைக் குறைத்துவிட்டுப் படத்தை மீண்டும் திறந்தால், அச்சில் கண்ட அதே இருள் திரையிலும் தெரியும்.

அப்போது ஒட்டுமொத்த எக்ஸ்போஷரைத் தொடாதீர்கள், வானம் கெட்டுவிடும். டோன் கர்வில் (வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைகோட்டில்) கீழ்க்கால்பகுதியில் ஒரு புள்ளி வைத்து அதை மட்டும் சிறிது தூக்குங்கள். மேல்பாதியைப் புள்ளிகள் வைத்துப் பழைய இடத்திலேயே பூட்டிவிடுங்கள். மேட் தாள் (பளபளப்பற்ற தாள்) பளபளப்புத் தாள் அளவுக்கு ஆழமான கறுப்பைத் தராது என்பதால், எந்தத் தாளில் அச்சிடப் போகிறீர்களோ அதே தாளில், பாறையும் நீரும் முகடும் சேர்ந்து வரும் ஒரு செங்குத்துப் பட்டையை மட்டும் வெட்டி, மூன்று வெவ்வேறு அளவுகளில் தூக்கி, பக்கம் பக்கமாக ஒரே தாளில் அச்சிட்டு, படம் மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.